வாங்கிய பழைய காரில் கோளாறு: விற்றவரிடம் பேசுவதா, நுகர்வோர் ஆணையமா, சிவில் கோர்ட்டா, போலீஸா?

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கி இரண்டு வாரத்தில் இன்ஜின் சூடாகி நடுரோட்டில் நின்றுவிட்டது, விற்றவர் போனை எடுப்பதில்லை என்று சொன்னால், சுற்றியிருப்பவர்கள் ஆளுக்கு ஒரு வழி சொல்வார்கள். ஒருவர் ஸ்டேஷனில் புகார் கொடு என்பார், இன்னொருவர் கன்சூமர் கோர்ட்டுக்குப் போ என்பார், மூன்றாமவர் பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும், செலவு செய்து ஓட்டு என்பார். மூன்று பேர் சொல்வதும் சில நேரம் சரி, சில நேரம் வீண் அலைச்சல். எந்த வழி உங்களுக்கு என்பதைக் கோளாறு எவ்வளவு பெரிது என்று பார்த்து முடிவு செய்ய முடியாது. யாரிடம் வாங்கினீர்கள், என்ன சொல்லி விற்றார்கள், அதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது, இந்த மூன்றையும் பார்த்தால்தான் வழி தெரியும். நான் எழுதுவது இந்தியச் சட்டப்படி, தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்து.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வண்டியை உடனே ரிப்பேர் செய்துவிடாதீர்கள். அவசரத்தில் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டு, கியர் பாக்ஸைப் பிரித்து, பழைய பாகங்களைக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் பில்லை மட்டும் எடுத்துக்கொண்டு நியாயம் கேட்கப் போகிறவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள். கோளாறுக்கான சாட்சி அந்த வண்டிக்குள்தான் இருக்கிறது, அதைக் கழற்றிப் போட்டுவிட்டால் எதிர்த் தரப்பு வக்கீலுக்கு ஒரே வரி போதும்: நல்ல வண்டியைத்தான் கொடுத்தோம், இவர் கெடுத்துவிட்டார். அதனால் முதலில் அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டு, கோளாறு என்ன, எவ்வளவு நாளாக இருந்திருக்கும், சரிசெய்ய என்ன செலவு என்று எழுத்தில் வாங்குங்கள். ஜாப் கார்டு, ஸ்கேன் ரிப்போர்ட், எஸ்டிமேட் மூன்றும் வேண்டும். மீட்டரில் ஓடிய கிலோமீட்டர் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். விற்றவருக்கு அன்றைக்கே வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் எழுதி, வந்து பாருங்கள் என்று கூப்பிடுங்கள். அவர் வராவிட்டாலும் நீங்கள் கூப்பிட்டது பதிவாகிவிடும். தினமும் வண்டி இல்லாமல் பிழைப்பு ஓடாது என்கிற நிலைமை இருந்தால், இந்த தேதிக்குள் நீங்கள் பார்க்காவிட்டால் ரிப்பேர் செய்துகொள்கிறேன் என்று எழுதிவிட்டுச் செய்யுங்கள், கழற்றிய பாகங்களை மூட்டை கட்டி வீட்டில் வையுங்கள்.

கோளாறு எந்த வகை என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். எட்டு வருட வண்டியில் கிளட்ச் தேய்ந்திருப்பதும், பேட்டரி போவதும், சஸ்பென்ஷனில் சத்தம் வருவதும் வயசுக்கு வருகிற தேய்மானம், அதற்காக யாரும் உங்களுக்குப் பணம் தரப்போவதில்லை, கேட்பதும் நியாயமில்லை. மறைத்து விற்ற விஷயம் வேறு. கிலோமீட்டரைக் குறைத்திருப்பது, பெரிய விபத்தில் அடிபட்டு வெட்டி ஒட்டிய பாடி, லோன் தீராத வண்டி, வெள்ளத்தில் மூழ்கிய வண்டி, இவைதான் சண்டை போட வேண்டிய விஷயங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் சென்னையில் எத்தனை கார்கள் தண்ணீருக்குள் நின்றன என்பதைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ரிப்பேர் செலவு இன்சூரன்ஸ் போட்ட மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை முழு நஷ்டம் என்று கணக்கிட்டு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்துவிடும், அந்த வண்டி ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் போகிற எல்லாமே உடைப்புக்குப் போவதில்லை, சில கழுவித் துடைத்து வேறு மாவட்டத்தில் விற்பனைக்கு நிற்கும். சீட் பெல்ட்டை முழு நீளமும் வெளியே இழுத்தால் அடியில் சேற்றுக் கறை தெரியும், சீட் தண்டவாளத்தில் துரு இருக்கும், கார்ப்பெட்டுக்குக் கீழே வாடை போகாது, வயரிங் கனெக்டர்களில் பச்சைப் பூச்சு பிடித்திருக்கும். இதையெல்லாம் போட்டோவாக எடுத்து சர்வீஸ் சென்டர் அறிக்கையோடு சேர்த்தால் கேஸ் வலுவாக நிற்கும். மீட்டர் விஷயத்தில் இன்னும் எளிது: அதே வண்டி முன்பு சர்வீசுக்கு வந்தபோது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது என்பது அந்தக் கம்பெனியின் கணினியில் தேதியோடு இருக்கும்.

சரி, யாரிடம் வாங்கினீர்கள்? நம் ஊரில் மூன்று வழியில் கார் கைமாறுகிறது. பெரிய கம்பெனியின் பழைய கார் ஷோரூம் அல்லது இணைய நிறுவனம், அடுத்து ஊருக்கு ஊர் இருக்கிற, கார் கன்சல்டிங் எனப்படும் பழைய கார் கடை, கடைசியாக நேரடியாக ஓனரிடம், நடுவில் புரோக்கர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். முதல் இரண்டிலும் விற்பவர் வியாபாரி, அதனால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 உங்கள் பக்கம் நிற்கும். மூன்றாவதில் விற்பவர் தன் சொந்த வண்டியை விற்கிற தனிநபர், அவர் வியாபாரி இல்லை, நுகர்வோர் ஆணையத்தில் அவர்மேல் புகார் போட்டால் பெரும்பாலும் நிற்காது. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமலே பலர் மாதக்கணக்கில் தவறான வாசலில் காத்திருக்கிறார்கள்.

இணைய நிறுவனத்திடமோ பெரிய ஷோரூமிலோ வாங்கியிருந்தால் முதலில் அவர்களிடமே முட்டிப் பாருங்கள், அதுதான் வேகமான வழி. வாரன்டி தாளை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். இன்ஜின், கியர் பாக்ஸ் மட்டும்தான் என்று சொல்லி ஏசி, சென்சார், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் வெளியே தள்ளியிருப்பார்கள். சில நிறுவனங்கள் குறிப்பிட்ட நாளுக்குள், குறிப்பிட்ட கிலோமீட்டருக்குள் திருப்பிக் கொடுத்தால் பணம் தருகின்றன. அந்தக் கெடு உங்களுக்கு இருந்தால் வாரன்டியில் சரிசெய்து தருகிறோம், கொஞ்சம் பொறுங்கள் என்று அவர்கள் சொல்வதைக் கேட்டு நாளைக் கடத்தாதீர்கள், திருப்பிக் கொடுக்கிறேன் என்று முதலில் எழுத்தில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள். இணைய வணிக விதிகள் 2020 படி இணைய நிறுவனத்துக்குக் குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கஸ்டமர் கேரில் பேசுகிறவரோடு மல்லுக்கட்டுவதை விட அந்த அலுவலரின் பெயரை இணையதளத்தில் தேடி எடுத்து அவருக்கு எழுதுவது மேல்.

திருப்பிக் கொடுப்பதுதான் உங்கள் நோக்கம் என்றால் ஆர்.சி. பெயர் மாற்றம் எந்த நிலையில் இருக்கிறது என்று உடனே பாருங்கள். இன்னும் மாறவில்லை என்றால் பேச்சு எளிது. மாறிவிட்டால், திருப்பிக் கொடுக்கும்போது படிவம் 29, 30 மறுபடியும் போட வேண்டும், ஆர்.சி.யில் ஓனர் எண்ணிக்கை கூடிவிடும், அந்தக் காரணத்தைச் சொல்லியே விற்றவர் விலையைக் குறைக்கப் பார்ப்பார். அதற்காகத் திருப்பிக் கேட்கும் உரிமை போய்விட்டது என்று அர்த்தமில்லை. இன்னொன்று, பாதிச் செலவை நாங்கள் ஏற்கிறோம் என்று சமாதானத்துக்கு வந்தால் அவர்கள் நீட்டுகிற தாளில், இனி எந்த உரிமையும் கோரமாட்டேன் என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அந்தத் தொகை உங்களுக்கு உண்மையிலேயே போதுமா என்று யோசித்து முடிவெடுங்கள், ஏனென்றால் அந்தக் கையெழுத்துக்குப் பிறகு மற்ற வழிகள் பெரும்பாலும் மூடிவிடும்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம், செலவில்லை. ஆனால் அங்கே உத்தரவு போட யாருக்கும் அதிகாரம் கிடையாது, புகாரை நிறுவனத்துக்கு அனுப்பி பதில் வாங்கித் தருவார்கள், அவ்வளவுதான். பெயர் கெடும் என்று பயப்படுகிற பெரிய நிறுவனம் இதற்கு அசையும். தெருமுனை கன்சல்டிங்காரர் அசையமாட்டார்.

அடுத்தது நுகர்வோர் ஆணையம். கன்சூமர் கோர்ட் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். டீலரிடமோ கன்சல்டிங்கிலோ வாங்கி, பேச்சு எடுபடாதவர்களுக்கு என் கணக்கில் இதுதான் முதல் தேர்வு. கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், நாம் வாங்குகிற பழைய கார் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். முன்பெல்லாம் எதிர்த் தரப்பு இருக்கிற ஊரில்தான் போட வேண்டும் என்று இழுத்தடிப்பார்கள், இப்போது நீங்கள் குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற மாவட்டத்திலேயே போடலாம், ஆகவே கோயம்புத்தூர் கன்சல்டிங்கில் வாங்கிய காருக்கு திருநெல்வேலியில் புகார் கொடுக்கலாம். இணையத்தில் தாக்கல் செய்யலாம், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. சட்டத்தில் குறைபாடு என்பதற்கான விளக்கம் நமக்கு மிகவும் சாதகமானது: விற்பவர் எந்த வகையில் சொல்லியிருந்தாலும், அவர் சொன்ன தரம் பொருளில் இல்லை என்றால் அது குறைபாடு. அதாவது விளம்பரத்தில் ஆக்சிடென்ட் ஆகாத வண்டி என்று போட்டிருந்த ஸ்கிரீன்ஷாட்டும், 42,000 கிலோமீட்டர்தான் ஓடியது சார் என்று வாட்ஸ்அப்பில் வந்த வாய்ஸ் மெசேஜும் உங்கள் ஆதாரங்கள். பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை என்று அதே சட்டம் சொல்கிறது, அதனால் கன்சல்டிங்காரர் பில் தரவில்லை என்பதைக் கேட்டு நீங்கள் சோர்ந்து போக வேண்டாம். வங்கிப் பரிவர்த்தனை, டெலிவரி நோட், அட்வான்ஸ் ரசீது எதுவானாலும் பணம் கைமாறியதைக் காட்டினால் போதும்.

உள்ளபடியே உள்ள நிலையில் வாங்குகிறேன் என்று டெலிவரி நோட்டில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். பலர் அந்த ஒரு வரியைப் பார்த்துப் பயந்து பின்வாங்கிவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரிந்த கீறலுக்கும் தேய்ந்த டயருக்கும் அந்த வரி பொருந்தும். சரக்கு விற்பனைச் சட்டம் 1930-ம் அப்படித்தான், நீங்கள் மெக்கானிக்கோடு போய்ப் பார்த்தபோது தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு அப்புறம் வழக்குப் போட முடியாது. ஆனால் மீட்டரைக் குறைத்துவிட்டு அதை மறைத்தவருக்கு அந்த வரி கவசம் ஆகாது.

கஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் ஒரு வருடம், இரண்டு வருடம் போவது சாதாரணம். எதிர்த் தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள், அதற்குமேல் 15 நாள், மொத்தம் 45 நாளைத் தாண்ட முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது, அதனால் அந்தக் கட்டத்தில் முன்பு போல இழுக்க முடியாது, இழுபறி எல்லாம் அதற்குப் பிறகுதான். அடுத்து, 2023-ல் சிட்டி யூனியன் வங்கி வழக்கில், மோசடி, ஏமாற்று போன்ற குற்றத் தன்மையுள்ள விஷயங்களையும் பெரிதும் சர்ச்சைக்குரிய உண்மைகளையும் நுகர்வோர் ஆணையம் சுருக்க விசாரணையில் தீர்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இதைப் புரிந்துகொண்டு புகாரை எழுத வேண்டும். போலி ஆவணம், சதி, கூட்டுக் களவாணித்தனம் என்று கோபத்தில் பக்கம் பக்கமாக எழுதினால் சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட வாய்ப்பு இருக்கிறது. சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று, இதோ தாள் என்று எழுதினால் ஆணையத்துக்கு எளிது, உங்களுக்கும் எளிது. வெற்றி பெற்றால் விலையைத் திருப்பித் தரவும், குறையைச் சரிசெய்யவும், நஷ்டஈடு தரவும் உத்தரவிடலாம். மேல்முறையீட்டுக்குப் போகிற டீலர் உத்தரவிட்ட தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். உத்தரவை மதிக்காவிட்டால் சிறை வரை போகலாம்.

ஓனரிடம் நேரடியாக வாங்கியவர்கள் நிலைமைதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் விலை குறைவாக இருக்கும் என்று இந்த வழியில் போகிறவர்கள் சேமிப்பைத் துடைத்துக் காரை வாங்குகிற குடும்பங்கள்தான், அவர்களுக்குத்தான் சட்டம் கொடுக்கிற பிடிமானமும் குறைவு. தனிநபர் விற்பனையில் தரத்துக்குத் தானாக வருகிற உத்தரவாதம் கிடையாது. அவர் பொய் சொன்னார் அல்லது தெரிந்தே மறைத்தார் என்று நிரூபிக்க வேண்டும். அப்படி நிரூபித்தால் இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872 படி அந்த விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம், அல்லது வண்டியை வைத்துக்கொண்டு நஷ்டஈடு கேட்கலாம். இது சிவில் கோர்ட் வேலை. தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் கேட்கிற தொகையில் 3 சதவீதம், 80,000 ரூபாய் ரிப்பேர் செலவைக் கேட்டால் 2,400 ரூபாய், 4 லட்ச ரூபாய் விலையைக் கேட்டால் 12,000 ரூபாய். அதன்மேல் வக்கீல் பீஸ். வழக்குப் போட மூன்று வருடம் அவகாசம், மோசடி என்றால் அது தெரியவந்த நாளிலிருந்து கணக்கு. 80,000 ரூபாய்க்காக வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு நடப்பது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. அதனால் அதற்கு முன்னால் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு கொடுங்கள். வழக்குப் போடும் முன்பே லோக் அதாலத்துக்கு, அதாவது மக்கள் நீதிமன்றத்துக்கு எடுத்துக்கொள்வார்கள், செலவில்லை, இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. விற்றவர் உள்ளூர்க்காரராக, நாலு பேருக்குத் தெரிந்தவராக இருந்தால் இது நன்றாகவே வேலை செய்யும். வரவே மாட்டேன் என்கிறவரை அது ஒன்றும் செய்ய முடியாது.

போலீஸ் பற்றி. ஏமாற்றி விற்றது இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவில் வரும், பழைய சட்டத்தில் 420. மீட்டரைத் திருத்தியது, சேசிஸ் எண்ணை மாற்றியது, போலி என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) கொடுத்தது, திருட்டு வண்டியை விற்றது, இப்படி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போங்கள், எஃப்.ஐ.ஆர். போடாவிட்டாலும் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள். அந்த வண்டியை நீங்கள் ஓட்டிக்கொண்டிருப்பதே உங்களுக்கு ஆபத்து. ஆனால் கியர் பாக்ஸ் போய்விட்டது, டர்போ போய்விட்டது என்று போனால் இது சிவில் விவகாரம் என்று சொல்வார்கள், அது பல நேரம் சரியும்கூட. ஸ்டேஷனில் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னால் விற்றவர் பயந்து பணம் கொடுத்துவிடுவார் என்பதுதான் நிறைய பேரின் எதிர்பார்ப்பு. சில இடத்தில் நடக்கிறது, ஆனால் அதை ஒரு வழி என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். பணத்தைத் திருப்பித் தரச்சொல்லி உத்தரவு போடுவது போலீசின் வேலை இல்லை. போலீஸ் புகாரும் நுகர்வோர் புகாரும் ஒரே நேரத்தில் ஓடலாம், அதற்குத் தடை கிடையாது.

இப்போது நிஜ வாழ்க்கைக் கணக்குக்கு வருவோம். கன்சல்டிங்கில் நாலரை லட்சத்துக்கு வாங்கிய டீசல் கார், 60,000 கிலோமீட்டர் என்று சொன்னார்கள், சர்வீஸ் பதிவில் மூன்று வருடம் முன்பே 1,10,000 காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே நான் நோட்டீஸ் அனுப்பிவிட்டு நேராக நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போவேன், கூடவே போலீஸ் புகார், கட்டணம் ஒரு ரூபாய்கூட இல்லை, ஆதாரம் மூன்றாம் நபரிடம் பத்திரமாக இருக்கிறது. இணைய நிறுவனத்தில் ஏழு லட்சத்துக்கு வாங்கிய காரில் இரண்டாவது மாதம் ஏசி கம்ப்ரஸர் போகிறது, 25,000 ரூபாய் செலவு, வாரன்டியில் வராது என்கிறார்கள். குறைதீர் அலுவலருக்கு எழுதுவேன், 1915-ல் பதிவு செய்வேன், பாதிக்குப் பாதி தருகிறார்கள் என்றால் வாங்கிக்கொண்டு வேலையைப் பார்ப்பேன். ஓனரிடம் இரண்டரை லட்சத்துக்கு வாங்கிய பத்து வருட கார், மூன்று மாதம் ஓடியபின் இன்ஜின் வேலை வருகிறது, அவர் பொய் சொன்னதற்கு ஒரு தாளும் இல்லை. இங்கே யார் என்ன சொன்னாலும் கோர்ட் வேண்டாம், அந்தப் பணத்தில் வண்டியைச் சரிசெய்யுங்கள்.

எந்த வழியில் போனாலும் இ.எம்.ஐ. கட்டுவதை நிறுத்தாதீர்கள். வண்டி சரியில்லை என்பது உங்களுக்கும் விற்றவருக்கும் உள்ள பிரச்சினை, வங்கிக்கு அது சம்பந்தமில்லை, சிபில் கெடுவது உங்களுக்குத்தான். கொடுத்த செக்கை நிறுத்திவைத்தால் செக் மோசடி வழக்கு உங்கள் மேல் திரும்பும். தலைவலி தீர்ந்தால் போதும் என்று கோளாறைச் சொல்லாமல் இன்னொருவர் தலையில் கட்டுவதும் வேண்டாம், நீங்கள் இன்று அனுபவிப்பதைத்தான் நாளை அவர் அனுபவிப்பார். மஞ்சள் போர்டு டாக்சி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: சொந்தமாக ஓட்டிப் பிழைக்க வாங்கிய ஒரு வண்டி என்றால் நீங்களும் நுகர்வோர்தான், அதைப் புகாரில் தெளிவாக எழுதுங்கள். யூடியூப்பில் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால் முழுப் பணமும் கிடைக்கும் என்று வருவது பிரிட்டனின் 2015 சட்டம், நம் சட்டத்தில் அப்படி நாள் கணக்கில் ஒரு உரிமை இல்லை.

கன்சல்டிங்காரர் அங்கீகாரம் பெற்றவரா என்றும் விசாரியுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும், வண்டியை ஓனரிடமிருந்து எடுத்ததும் அதைத் தெரிவிக்க வேண்டும், கைமாறும் வரை அவரே ஓனராகக் கருதப்படுவார் என்று விதி வந்திருக்கிறது. நான் வெறும் புரோக்கர், ஓனரைப் போய்க் கேளுங்கள் என்று அவர் கைகழுவப் பார்க்கும்போது இந்தக் கேள்வி அவரை நிறுத்தும். அங்கீகாரம் இல்லாவிட்டாலும், பணம் அவர் கணக்குக்குப் போயிருந்தால் அவரையும் ஓனரையும் இருவரையும் எதிர்த் தரப்பாகச் சேருங்கள்.

நோட்டீசை நீங்களே எழுதலாம். வாங்கிய தேதி, கொடுத்த தொகை, என்ன சொன்னார்கள், என்ன கண்டுபிடித்தீர்கள், என்ன வேண்டும், 15 நாள் கெடு, ஒரு பக்கம் போதும். ஸ்பீடு போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்பி, ரசீதையும் ஒரு நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக மொத்தம் இரண்டு வருட அவகாசம்தான், விற்றவர் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்கிற ஒவ்வொரு மாதமும் அந்தக் கணக்கில் கழிந்துகொண்டிருக்கும், ஆகவே கெடு முடிந்த மறுநாளே புகாரைத் தாக்கல் செய்யுங்கள்.